லிங்க் அனுப்பும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அப்புத்தளை, பண்டாரவளை, கொஸ்லந்தை, பூனாகலை, பசறை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்து, இன்று கொழும்பிலும் டுபாயிலும் டொரொண்டோவிலும் இணையத்தளம் கட்டும் வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளே,

பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் நீங்கள் பகிரும் லிங்குகளைப் பற்றித்தான் இந்த மடல். ஊரை விட்டுப் போனவர்கள் ஊரை மறந்துவிடுவார்கள் என்ற பேச்சை நீங்கள் பொய்யாக்கியிருக்கிறீர்கள். வேலை முடிந்து களைத்து வந்த இரவிலும் கண்ணில் பட்ட நல்ல பாடம் ஒன்றை, சிஎஸ்எஸ் பற்றிய கட்டுரை ஒன்றை, இலவச எழுத்துரு ஒன்றைப் பிள்ளைகளுக்கு உதவும் என்று தட்டிவிடுகிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. கூடவே ஒரு கோரிக்கையும் உண்டு. குறைவாக அனுப்புங்கள். அனுப்பும் ஒவ்வொன்றோடும் அது யாருக்கு, எதற்கு, எந்த இடம் வரைக்கும் என்று தமிழில் இரண்டு மூன்று வரி எழுதுங்கள். அனுப்பியதை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது திரும்பிப் பாருங்கள். விளக்கமும் பராமரிப்பும் இல்லாமல் வரும் லிங்க் தோட்டத்துப் பிள்ளைக்குப் பல நேரம் பாரமாகத்தான் போய்ச் சேருகிறது என்பது என் வாதம். கோபப்படாமல் கடைசிவரை கேளுங்கள்.

அந்த லிங்க் எங்கே போய் இறங்குகிறது என்று முதலில் பாருங்கள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்த பிள்ளை பைதனும் தரவுத்தளமும் படிக்க வேண்டும். எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் கற்று, பிஎச்பி வழியாக மைஎஸ்கியூஎல்லோடு இணைத்து ஓர் இணையத்தளம் கட்டவும் தெரிய வேண்டும். கொழும்பின் பெரிய கல்லூரிக்கும் அப்புத்தளை தமிழ் மத்திய கல்லூரிக்கும் பாடத்திட்டமும் வினாத்தாளும் ஒன்றுதான். வசதிதான் வேறு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கணினி எழுத்தறிவை நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்து வெளியிடும்போது கடைசியில் நிற்பது தோட்டம்தான். லயத்து வீட்டில் பல இடங்களில் இருப்பது ஒரே ஒரு போன். அப்பா கொழும்பிலிருந்து பேசுவதும் அதில்தான், தம்பியின் பாடமும் அதில்தான், அக்காவின் எச்டிஎம்எல்லும் அதில்தான். கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, பதுளை மாவட்டத்தின் போகிட்டியாவக் கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னல் தேடிக் காட்டு வழியே மலையேறியது 2021இல் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் வரைக்கும் போனது. பெருந்தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அந்த ஆண்டில்தான் 1,000 ரூபாய் ஆனது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் ஆனது. இப்படியான சம்பளத்திலிருந்துதான் ரீலோட் போட வேண்டும். இன்றைய சராசரி இணையப் பக்கம் ஒன்றின் எடை 2 மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. ஒரு மணி நேரக் காணொளி என்றால் சில நூறு மெகாபைட் போய்விடும். வந்த லிங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து, முக்கால்வாசி தனக்கு வேண்டாதவை என்று கண்டுபிடிக்க ஆகும் செலவு உங்கள் அலுவலக வைஃபையில் தெரியாது.

நட்டம் காசோடு நின்றால்கூடப் பரவாயில்லை. இணையத்தில் கிடக்கும் பிஎச்பி பாடங்களில் பதினைந்து, இருபது வருடம் பழையவை ஏராளம். தரவுத்தளத்தோடு இணைய அவை ‘மைஎஸ்கியூஎல்_கனெக்ட்’ என்ற கட்டளையைச் சொல்லிக்கொடுக்கும். அந்தக் கட்டளைக் குடும்பமே 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது அந்த வேலைக்கு வேறு வழிகள் இருக்கின்றன. அவை பாதுகாப்பிலும் மேலானவை. நீங்கள் பக்கத்தைப் பார்த்த அரை நிமிடத்தில் அதன் வயதைச் சொல்லிவிடுவீர்கள். பிள்ளையால் சொல்ல முடியாது. எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தட்டி ஓடவிடுகிறாள். அப்படியொரு செயற்கூறே இல்லை என்று திரை ஆங்கிலத்தில் சொல்கிறது. தான் எங்கோ பிழை விட்டுவிட்டதாக நினைத்து மறுபடி தட்டுகிறாள். மறுபடியும் அதே வரி. கடைசியில், இது நமக்கு வராத பாடம் என்று தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு மூடிவைக்கிறாள். “பழைய பாடம். படிவம் அமைக்கும் முதற்பகுதி நன்றாக இருக்கிறது, அதுவரை பாருங்கள், தரவுத்தளப் பகுதியை விட்டுவிடுங்கள்” என்று நீங்கள் ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த இரவு வீணாகியிருக்காது. பக்க அமைப்புக்கும் இதே கதைதான். 2017 மார்ச்சில் முக்கிய உலாவிகள் ஒன்றன்பின் ஒன்றாக சிஎஸ்எஸ் கிரிட்டை ஏற்றுக்கொண்ட பிறகும், அட்டவணைக்குள் அட்டவணை செருகிப் பக்கம் கட்டச் சொல்லும் பாடங்கள் தேடலில் இன்னும் வந்து விழுகின்றன.

தெரிந்தெடுத்துக் குறிப்போடு பகிர்வது இணையத்தோடு கூடவே பிறந்த வேலை. டிம் பெர்னர்ஸ்-லீ சேர்ன் ஆய்வகத்திலிருந்து முதல் இணையத்தளத்தை 1991இல் வெளியிட்ட காலத்திலேயே, தளங்களைப் பொருள்வாரியாக அடுக்கும் பட்டியல் ஒன்றையும் தொடங்கிவிட்டார். அது மெய்நிகர் நூலகம் என்ற பெயரில் வளர்ந்து, துறை தெரிந்த தன்னார்வலர்கள் ஆளுக்கொரு பகுதியைக் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடாயிற்று. 1994இல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களான ஜெரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தமக்குப் பிடித்த தளங்களைத் தொகுத்த பட்டியல்தான் யாஹூ ஆனது. 1998இல் வந்த டிமோஸ் பட்டியலில் ஆயிரக்கணக்கானோர் சம்பளமில்லாமல் உழைத்தார்கள். யாஹூ தன் பட்டியலை 2014 முடிவில் மூடியது. டிமோஸ் 2017 மார்ச்சில் நின்றது. தேடுபொறி வந்த பிறகு மனிதர் தொகுக்கும் பட்டியலுக்கு வேலையில்லை என்பதற்கு இதையே சான்றாக உங்களில் சிலர் காட்டுவீர்கள். எனக்கு இந்த வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. விழுந்தவை இரண்டும் உலகத்திலுள்ள எல்லாவற்றையும் அடுக்கப் பார்த்தவை. அதே 2014இல் சிந்த்ரே சோர்ஹுஸ் என்ற நிரலாளர் கிட்ஹப்பில் தொடங்கிவைத்த ‘ஆவ்சம்’ பட்டியல்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஒரு பட்டியலுக்கு ஒரு பொருள்தான், சிறந்ததை மட்டும் சேர்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சுருக்கமான விளக்கம் வேண்டும் என்பது அவற்றின் விதி. எல்லை போட்டதால்தான் அவை நிலைத்தன என்று நான் நினைக்கிறேன். உங்கள் எல்லை இன்னும் சின்னது, இன்னும் தெளிவானது: ஊவாவில் தமிழ்மொழி மூலம் படிக்கும், கையில் போன் மட்டும் இருக்கும் பிள்ளை.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் தமிழிலேயே பதில் தருகிறதே, பட்டியல் எதற்கு என்றும் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிள்ளைகள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். புரியாத பிழைச் செய்தியை ஒட்டி விளக்கம் கேட்பதற்கு அதுபோல உதவி முன்பு கிடைத்ததில்லை. ஆனாலும் அது கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாத நிலையில்தான் தொடக்கக்காரர் இருக்கிறார். ஒரு பக்கத்தைச் சிறிய திரையிலும் பார்க்கும்படி அமைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவளுக்கு அதைப் பற்றிக் கேள்வி எழாது. இணைய வடிவமைப்பாளர் ஈதன் மார்க்கோட் 2010இல் எழுதிய கட்டுரையோடுதான் அந்த முறைக்கே ஒரு பெயர் வந்தது. அது ஏன் வந்தது, எந்தக் கட்டத்தில் படிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க, பாதையை நடந்து முடித்த ஒருவர் வேண்டும். இல்லாத முகவரியை இருப்பதுபோல எழுதிக் கொடுக்கும் பழக்கமும் அந்த இயந்திரங்களுக்கு உண்டு. நீங்கள் திறந்து வாசித்துப் பார்த்த பக்கத்தில் அந்தப் பயம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உலகத்தின் நல்ல வடிவமைப்புப் பாடங்கள் ஏறத்தாழ எல்லாம் ரோமன் எழுத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றித் தமிழ்ப் பக்கம் கட்டினால் எங்கே இடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல் உட்கார்ந்திருந்த பொத்தானில் ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்று போட்டால் சொல் இரண்டாக உடைகிறது, அல்லது பொத்தானை விட்டு வெளியே வழிகிறது. வரி இடைவெளியை ஆங்கில அளவில் விட்டால் மேல் வரியின் ‘ஞு’, ‘நூ’ போன்ற எழுத்துகளின் வால் கீழ் வரியின் ‘கி’, ‘றீ’ ஆகியவற்றின் மேல்விலங்கில் உரசுகிறது. அழகுக்காக எழுத்திடைவெளியைக் கூட்டினால் ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியே விலகி நிற்கும் நிலை வரலாம். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால், பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் செயலி தடுமாறுகிறது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பாடசாலை ஆவணங்களை அப்படியே இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றித்தான் போட வேண்டும். தமிழ் எழுத்து இணையத்தில் எங்கெங்கே சரியாக வேலை செய்யவில்லை என்று உலகளாவிய வலைச் சேர்த்தியமான டபிள்யூ3சி தனி ஆவணமே வைத்திருக்கிறது. நம் குழுக்களில் பகிர வேண்டிய லிங்க் என்றால் அது. வடிவமைப்பு உலகில் பேர் பெற்ற பட்டியல்களில் அதைத் தேடினால் அகப்படாது. தமிழ் தெரிந்த, தொழிலும் தெரிந்த நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க முடியும்.

குறிப்பு எப்படி இருக்கலாம் என்று காட்டிவிடுகிறேன். கணியம் அறக்கட்டளையின் தளத்தில் இருக்கும் து. நித்யாவின் ‘எளிய தமிழில் எச்டிஎம்எல்’ நூலை அனுப்புவதானால் இப்படி எழுதலாம்: “தமிழ் நூல், இலவசம். ஒருமுறை இறக்கிவைத்தால் பிறகு டேட்டா வேண்டாம். ஒன்றுமே தெரியாதவர் இதிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் எழுதப்பட்டதால் கலைச்சொற்கள் நம் பாடநூலிலிருந்து சில இடங்களில் வேறுபடும். ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் குறித்துவைத்தால் குழம்பாது. பக்க அமைப்புக்கு இதோடு நிற்காமல் அடுத்த லிங்கையும் பாருங்கள்.” மொசில்லாவின் எம்டிஎன் ஆவணத்துக்கு வேறு மாதிரி: “ஆங்கிலம், தமிழ்ப் பதிப்பு இல்லை. முதல் பக்கத்திலிருந்து வாசிக்கப் போகாதீர்கள். ஒரு குறிச்சொல்லில் சந்தேகம் வந்தால் மட்டும் தேடிப் பாருங்கள். பக்கத்தின் அடியில் எந்த உலாவியில் எது வேலை செய்யும் என்ற அட்டவணை இருக்கும், அதைப் பார்க்கப் பழகுங்கள்.” டெவ்டொக்ஸ் தளத்தைப் பகிர்ந்தால், ஆவணங்களை ஒருமுறை சேமித்துவைத்துக்கொண்டு சிக்னல் இல்லாத இடத்திலும் வாசிக்கலாம் என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள், நம் மலைகளில் அந்த ஒரு தகவல் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ்க் குரலிலும் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான்; எந்தத் தொடர் எந்த ஆண்டுப் பதிப்பைக் கற்றுத்தருகிறது என்று பார்த்து எழுதிவிட்டு அனுப்புங்கள். போனில் நிரல் எழுத முடியாது என்று சொல்கிறவர்களுக்கு ஏகோட், எஸ்பிசிகே போன்ற செயலிகளை எடுத்துக் காட்டலாம். அவற்றில் எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் எழுதி அங்கேயே பார்க்கலாம். பிஎச்பிக்குப் பாடசாலைக் கணினிக் கூடம்தான் சரி என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

இந்தத் துறையில் ஆங்கிலம் இல்லாமல் நிற்க முடியாது, தமிழ்க் குறிப்பு எழுதிப் பிள்ளைகளைப் பின்னுக்கு இழுக்கக் கூடாது என்று உங்களில் சிலர் உறுதியாக நம்புவது எனக்குத் தெரியும். ஆங்கிலம் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கும் நிரலாளர் பயிற்சி போன்ற அருமையான வாய்ப்புகளுக்கு ஆங்கிலம் தேவை. நான் பாடம் முழுவதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அந்த ஆங்கிலப் பக்கத்துக்குள் எங்கே நுழைவது, எந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம், எந்த நாலு சொல்லை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தமிழில் சொல்லிவிட்டால், பிள்ளை அந்த ஆங்கிலத்தை வாசிக்கத் துணிவாள். குறிப்பே இல்லாவிட்டால் திறந்து பார்த்து மிரண்டு மூடிவிடுகிறாள். ஆங்கிலத்திலிருந்து பிள்ளையைத் தூரமாக்குவது எது என்று யோசித்துப் பாருங்கள்.

தேடிக் கற்றுக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம், ஊட்டி வளர்த்தால் உருப்படாது என்பது இன்னொரு வாதம். நீங்கள் அப்படித் தேடித்தான் மேலே வந்தீர்கள், அதை மதிக்கிறேன். ஆனால் உங்களோடு படித்தவர்களில் தேடித் தேடிச் சலித்து நடுவில் விட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் கணக்கில் எடுங்கள். தேடத் தெரிவதற்கே நல்லது எப்படி இருக்கும் என்று கண் பழகியிருக்க வேண்டும். இது ஏன் நல்ல பக்கம், அது ஏன் பழைய பக்கம் என்று உங்கள் குறிப்பைப் பத்துத் தடவை வாசித்த பிள்ளை, பதினோராவது பக்கத்தைத் தானே எடை போடுவாள்.

நேரம் இல்லை என்பதுதான் உண்மையான தடை. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் குறைவாக அனுப்பச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு எட்டு லிங்க் போதும். ஒருவர் எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும், ஒருவர் பிஎச்பியும் தரவுத்தளமும், ஒருவர் தமிழ் எழுத்துருவும் வடிவமைப்பும் என்று பங்கு பிரித்துக்கொண்டால் ஆளுக்கு இரண்டு மூன்றுதான் வரும். இதற்குள் பராமரிப்பும் அடங்க வேண்டும், ஏனென்றால் இணையப் பக்கங்கள் சாகின்றன. அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2013இல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குள் கிடைக்காமல் போய்விட்டன. ஒவ்வொரு குறிப்பின் கீழும் கடைசியாகத் திறந்து பார்த்த மாதத்தை எழுதுங்கள். திறக்காததை எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இதைச் செய்ய முடியாது. நேற்று வந்த லிங்க் இன்று காலை வாழ்த்துப் படங்களுக்குக் கீழே புதைந்துவிடும். பட்டியலுக்கு ஓர் இடம் வேண்டும், அது படமில்லாத, சில கிலோபைட் மட்டுமே எடையுள்ள ஒரு பக்கமாக இருக்கட்டும். இணையத்தளம் கட்டும் உங்களுக்கு அது ஒரு பொழுது வேலை.

அந்தப் பக்கத்தைத் தாளிலும் அச்சிட்டுக் கொடுக்கும்படி கேட்கிறேன். மலையகத்துக்கு இது புதிதல்ல. 1920களிலும் 30களிலும் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் ‘தேசபக்தன்’ இதழையும் துண்டுப் பிரசுரங்களையும் தோட்டங்களுக்குள் கொண்டுபோனபோது, ஆங்கிலத்தில் கிடந்த விஷயங்களில் தொழிலாளிக்கு எது வேண்டும் என்று தெரிந்தெடுத்துத் தமிழில் எழுதினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை பாட்டாகவே அச்சிட்டுக் கொடுத்தார். ஏ4 தாளின் இரண்டு பக்கத்துக்குள் எட்டு லிங்கும் அவற்றின் குறிப்பும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கியூஆர் குறியும் அடங்கிவிடும். பாடசாலையில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியரிடம் ஒரு பிரதி, கணினிக் கூடத்துச் சுவரில் ஒரு பிரதி. பல பாடங்களைச் சுமக்கும் அந்த ஆசிரியர் உங்கள் இருபது லிங்கையும் திறந்து பார்க்கப் போவதில்லை. தாளில் இருக்கும் எட்டை வகுப்பில் கட்டாயம் பயன்படுத்துவார். கணியத்தின் நூல்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால், பெயர் குறிப்பிட்டு அச்சிட்டே கொடுக்கலாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய பாடங்களைத் திருட்டுத்தனமாக டெலிகிராமில் இறக்கிப் பகிர்வதை மட்டும் நிறுத்திவிடுங்கள். அதில் வைரஸ் வரும் என்பது ஒரு பக்கம். ஒருவரின் உழைப்பை மதிக்காத தொழிலைப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம் என்பது அதைவிட மோசம். நீங்கள் பரிந்துரைக்கும் பயிற்சியில் சேர்ந்தால் உங்களுக்குக் கமிஷன் கிடைக்குமென்றால் அதையும் குறிப்பில் எழுதுங்கள். மறைத்து அனுப்பும் ஒரே ஒரு லிங்க் மற்ற எல்லாவற்றின் நம்பிக்கையையும் கெடுத்துவிடும்.

வேலை கொழும்பில்தானே இருக்கிறது, இங்கே கற்று என்ன பயன் என்று கேட்பவர்கள் அப்புத்தளை ரயில் நிலையத்தில் இறங்கும் வெளிநாட்டுக்காரர்களைப் பார்க்கட்டும். லிப்டன் சீட்டுக்கும் அதிசாம் பங்களாவுக்கும் போகிறவர்கள் தங்கும் சின்ன விடுதிகளில் பல, முன்பதிவுக்கு வெளிநாட்டுத் தளங்களையே நம்பி அறைக்கு அறை கமிஷன் கொடுக்கின்றன. அவற்றுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இலேசான, போனில் உடனே திறக்கும் பக்கம் கட்டித்தர ஊரிலேயே ஆள் வேண்டும். பாடசாலைகளுக்கும் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் வேண்டும்.

அடுத்த தவணை தொடங்குமுன் முதல் தாளைத் தயார் செய்யுங்கள். குழுவில் போடுமுன் தரம் 12இல் படிக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுத்து, அவளுடைய போனில், அவளுடைய டேட்டாவில் எட்டையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கான ரீலோட்டை நீங்களே போட்டுவிடுங்கள். அவளுக்குத் திறக்காததை நீக்குங்கள், புரியாத குறிப்பைத் திருப்பி எழுதுங்கள். தாளின் அடியில் எழுதியவர்களின் பெயரும், பிழை கண்டால் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.

அன்புடன்,
ஊவா மலைநாட்டிலிருந்து உங்களில் ஒருவர்